வராத சீட்டுக்கு ஒரு பந்தயம்

மாடியறை காலியான மறுநாளே அது எங்கள் நாலு பேருக்கும் தேவைப்பட்டது. பல் டாக்டரான என் நாத்தனாருக்குப் பிளாஸ்டர் பல்வரிசைகளை அடுக்க இடம் வேண்டும். கொழுந்தனுக்கு உடற்பயிற்சி சைக்கிளை வைக்க வேண்டும். வாங்கிய நாளிலிருந்து அதில் துணிதான் காய்கிறது. என் கணவர் யோசிப்பதற்கு என்றார். எங்கள் வீட்டில் யோசிப்பது என்றால் குறட்டை சத்தமும் கேட்கும்.

எனக்கு ஒரு கதவு வேண்டும், அவ்வளவுதான். பாடப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது என் வேலை. ஒன்பது வருஷமாகச் சாப்பாட்டு மேஜையில்தான் திருத்துகிறேன். குழம்புச் சட்டி வந்தால் தாளை நகர்த்துவேன். சட்டி போனால் திரும்ப விரிப்பேன். அறை வேண்டும் என்று இதுவரை வாய் திறந்ததில்லை. கேட்டு இல்லையென்றால்?

பேச்சு சண்டையாவதற்குள் கொழுந்தன் சீட்டுக்கட்டை எடுத்து வந்தான். "போக்கர் ஆடுவோம். யார்கிட்ட கடைசியில நிறைய பொத்தான் இருக்கோ, அவங்களுக்கு ரூம்."

சட்டைப் பொத்தான்கள்தான் எங்கள் நாணயம். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், பொதுவாக ஐந்து சீட்டு மேஜையில், எல்லாம் சேர்த்து நல்லதாக ஐந்து யாரிடமோ அவருக்கு ஜெயம். பந்தயத்துக்கு ஈடு வைக்காதவர் சீட்டைக் கவிழ்த்து விலக வேண்டும். பந்தயத்துக்கும் அளவு உண்டு. முதலில் இரண்டு பொத்தான், நாலாவது பொதுச் சீட்டிலிருந்து நாலு. மொத்தத்தையும் தள்ளி யாரும் வீரம் காட்ட முடியாது. பயந்த சுபாவமுள்ள என் கணவர் போட்ட சட்டம் அது.

நாத்தனாருக்கு ஆறு மணிக்கு ஒரு கடைவாய்ப்பல் காத்திருந்தது. அதனால் ஐந்தே முக்காலுக்குக் கடைசி ஆட்டம். முன்னால் இருந்தவர் கணவர், அவருக்கு இருபது பொத்தான் பின்னால் நான். சீட்டைப் போட்டது நான், ஆகவே கடைசியாகப் பேசும் முறையும் எனக்கே.

கையில் ஹார்ட்டின் ஏஸும் ஒன்பதும். ஆளுக்கு இரண்டு பொத்தான் வைத்தோம். மேஜையில் மூன்று சீட்டைத் திறந்தேன். இஸ்பேட் ராஜா, ஹார்ட்டின் ஏழு, ஹார்ட்டின் மூன்று. இன்னும் ஒரே ஒரு ஹார்ட்டின் வந்தால் ஐந்தும் ஒரே இனம், என்னை அசைக்க ஆளில்லை. வராவிட்டால் என் கை வெறும் காகிதம்.

நாத்தனார் மேஜையைத் தட்டினார், பந்தயம் இல்லை என்று. கணவரும் தட்டினார். கொழுந்தன் இரண்டு பொத்தானைப் போட்டான்.

வழக்கமான நானாக இருந்தால் இரண்டைப் போட்டுவிட்டு வருமா வராதா என்று காத்திருப்பேன். கைக்கு வந்து சேராத எதன் மேலும் நான் இதுவரை பந்தயம் கட்டியதில்லை, சீட்டிலும் சரி, வெளியிலும் சரி. ஆனால் பிழை தேடும் புத்தி கணக்கையும் நோண்டும். இன்னும் இரண்டு சீட்டு பாக்கி. ஹார்ட்டின் வர மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே வாய்ப்பு. நாலு பேரும் போட்டால் நான் போடுவது கால் பங்கு. கால் பங்கு கொடுத்து மூன்றில் ஒரு பங்கு வாங்கக் கசக்கிறதா?

"நாலு," என்றேன்.

மூவரும் நிமிர்ந்தார்கள்.

"அண்ணி ஏத்தறாங்க!" என்றான் கொழுந்தன். "போச்சு, மூணு ஏழு வச்சிருக்காங்க."

"புலம்பாம போடு," என்றார் நாத்தனார். மூவரும் நாலு நாலாக நிரப்பினார்கள்.

நாலாவது சீட்டு கிளாவர் இரண்டு. எனக்கு ஒன்றுமில்லை. மூவரும் என்னைப் பார்த்தபடியே மேஜையைத் தட்டினார்கள், தூங்கும் நாயைத் தாண்டிப் போகிறவர்கள் போல. இப்போது வாய்ப்பு ஐந்தில் ஒன்றுதான். கால் பங்கு கொடுத்து அதை வாங்குவது முட்டாள்தனம். நானும் தட்டினேன். அடுத்த சீட்டு இலவசம்.

குட்டு உடைந்தது என்று நினைத்தேன். நாத்தனாரோ கொழுந்தனைப் பார்த்து உருகினார். "பாவம் பாத்து விட்டுட்டா பாரு. நீயும்தான் இருக்கியேடா."

ஐந்தாவது சீட்டு டைமண்ட் ஜாக்.

வரவில்லை. கையில் ஒரு ஏஸ், மேஜையில் இருபத்து நாலு பொத்தான். மூவரும் தட்டிவிட்டார்கள். நானும் தட்டினால் எல்லோரும் சீட்டைக் காட்டுவோம். நான் தோற்பேன், சாப்பாட்டு மேஜைக்குத் திரும்புவேன். என் விரல்கள் என்னைக் கேட்காமலே நாலு பொத்தானை நகர்த்தின.

"விட்டுட்டேன்," என்றார் நாத்தனார் உடனே.

கணவர் யோசித்தார், இந்த முறை குறட்டை இல்லாமல். "என்கிட்ட ராஜா ஜோடி இருக்கு. நாலு போட்டா இருபத்தெட்டு வரும்..."

"அண்ணா, அண்ணி ஒண்ணும் இல்லாம போடுற ஆளா?" என்றான் கொழுந்தன். "என்கிட்ட ஏழுல ஒரு ஜோடி. நானே விடப்போறேன்."

"அதானே," என்றார் கணவர். "இவளுக்குப் பொய் வராது." சீட்டைக் கவிழ்த்தார். கொழுந்தனும் கவிழ்த்தான்.

அறை என்னுடையது. கதவு என்னுடையது. யாரும் எதிர்க்காமல் ஜெயித்தால் சீட்டைக் காட்டத் தேவையில்லை. கட்டுக்குள் செருகிவிட்டு எழுந்திருக்கலாம்.

ஆனால் சுருக்கென்றது. ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட இவர்களுக்கு என் மேல் சந்தேகம் வரவில்லையா? நல்லவள் என்ற பேர் இவ்வளவு சலிப்பானதா? இரண்டு சீட்டையும் திருப்பிப் போட்டேன்.

கணவர் ஏஸையும் ஒன்பதையும் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், மறுபடி ஏஸைப் பார்த்தார்.

"ஜோடிகூட இல்லையே!"

"அடிப்பாவி," என்றார் நாத்தனார், என்னிடம் இதுவரை பேசாத குரலில். மயக்க ஊசி போடாமலே வாய் பிளந்திருந்தார். "ஆயிரம் வாயைப் பாத்திருக்கேன், உன் வாயைப் பாக்காம விட்டுட்டேனே!"

"செல்லாது, செல்லாது!" என்று குதித்தான் கொழுந்தன்.

"எந்த விதிப்படி?" என்று கேட்டேன். அவன் பொத்தான்களை எண்ணினான்; கணவரைவிட எனக்கு நாலு அதிகம்.

ஆறரைக்கு அண்ணனும் தம்பியும் எனக்காக ஒரு பழைய மேஜையைப் படியேற்றிக்கொண்டிருந்தார்கள். பாதிப் படியில் கணவர் மூச்சு வாங்க நின்றார். மேஜையின் மறுபக்கத்திலிருந்து என்னைப் புதிதாகக் குடிவந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இனிமே நீ பந்தயம் கட்டினா நான் விடமாட்டேன். ஒவ்வொரு தடவையும் நானும் போட்டு உன் சீட்டைப் பாத்துடுவேன்."

"பாருங்க," என்றேன். அடுத்த ஞாயிறு நல்ல கை வந்தால் இவரிடமிருந்து எத்தனை பொத்தான் கறக்கலாம் என்று மனசு அப்போதே கணக்குப் போட ஆரம்பித்திருந்தது.