மூன்றாம் ஓலை

"யாருக்காவது தடை உண்டானால் தெரிவிக்கலாம்." இந்த வரியை இருபத்திரண்டு வருஷமாக மூச்சுவிடாமல் வாசித்துத் தள்ளியவர் சபை ஊழியர் ஜாபேஸ். கோயிலில் கலியாணம் என்றால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் என்று பெயர் சொல்லி, தடை உண்டா என்று சபையைக் கேட்க வேண்டும். கேட்கிறவருக்குப் பதில் வேண்டாம், உட்கார்ந்திருப்பவர்களுக்கும் சொல்ல மனசில்லை. அடுத்த மூச்சில் பெண்கள் ஐக்கியக் கூட்டம் எத்தனை மணிக்கு என்று போய்விடும். சேரன்மகாதேவிப் பக்கத்து அந்தச் சபையில் அந்தக் கேள்விக்கு வாய் திறந்த ஆளே கிடையாது.

இந்தத் தடவை ஓலை, சபைக் கமிட்டித் தலைவர் தேவசிகாமணியின் மகன் ஜெனோவுக்கு. பெண் சாத்தான்குளம். இரண்டு ஓலை வாசித்தாயிற்று. அடுத்த செவ்வாய்க்கிழமை வள்ளியூர்க்காரி சுகன்யா ஊழியர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவளும் ஜெனோவும் கோயம்புத்தூரில் ஒரே ஆபீஸில் வேலை பார்த்தவர்கள். போன வருஷம் பதிவுத் திருமணம் செய்திருக்கிறார்கள். சான்றிதழை நீட்டினாள். அழவில்லை.

"தடை உண்டான்னு உங்க கோயில்ல கேப்பீங்களாமே சார். நான் உள்ள வந்து சொல்லலாமா கூடாதான்னு தெரியல. அதான் உங்ககிட்ட சொல்லுதேன்."

ஜாபேஸ் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒருத்தி சொன்னாள் என்று ஒருத்தனைக் குற்றவாளியாக்கலாமா? மறுநாளே கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினார். பதிவாளர் ஆபீஸ் புத்தகத்தில் ஜெனோவின் கையெழுத்து இருந்தது. சபைப் போதகரான ஐயருக்குப் போன் போட்டார். "தலைவர்ட்டயே பேசிப் பாரும் ஊழியரே" என்று ஐயர் நழுவிக்கொண்டார். ஆடு மேய்க்கிற லட்சணம்!

தலைவரிடமே போனார்.

"ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டது கலியாணமாவே?" என்றார் தேவசிகாமணி. "கர்த்தர் சந்நிதியில நடந்துதா? வக்கீல வச்சு அத பைய தீத்துக்கிடுவோம். நீரு ஓலைய வாசியும்."

"தீந்த பெறவு வாசிக்கேன் அண்ணாச்சி. இன்னைக்கு அவதான் ஜெனோ பொண்டாட்டி. சாத்தான்குளத்துப் பிள்ளைக்கும் இது தெரியாதே."

தேவசிகாமணி சிரித்தார். "உம்ம மக ஜெசிக்கு நம்ம சபைப் பள்ளிக்கூடத்துல வேலைய நிரந்தரமாக்குத ஆர்டர் என் மேசையில கெடக்கு. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடியவும் கையெழுத்துப் போட்டுருதேன். வெளங்குதா?"

விளங்காமல் என்ன! ஆறு வருஷமாகத் தற்காலிக டீச்சராக ஜெசி நாயாய் உழைத்துக்கொண்டிருந்தாள். ஜாபேஸ் வீட்டில் வாயே திறக்கவில்லை. சொன்னால், மகள் முகத்தைப் பார்த்துத் தன் மனசு மாறிப்போகும் என்று பயந்தார். மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு வந்தது. முதல் வரிசையில் வேட்டி மடிப்புக் கலையாமல் தேவசிகாமணி. பாடகர் வரிசையில் ஜெசி. ஜாபேஸ் மூன்றாம் ஓலையை வாசித்தார். தடை உண்டானால் தெரிவிக்கலாம் என்றார். நிறுத்தினார்.

"ம், மேல வாசியும்," என்றார் தேவசிகாமணி.

"தடை உண்டு. நான்தான் சொல்லுதேன்," என்றார் ஜாபேஸ். "ஜெனோவுக்கு ஏற்கெனவே கலியாணம் ஆயிட்டு. பொண்டாட்டி உயிரோட இருக்கா. பதிவுப் புத்தகத்த என் கண்ணால பாத்தேன். ரெண்டு ஓலைய அறியாம வாசிச்சேன். மூணாவத அறிஞ்சே வாசிச்சிட்டுச் சும்மா உக்கார மாட்டேன்."

"வாசிக்க வந்தவனுக்கு வாய் எதுக்குவே? சபையத்தான கேக்கணும்?"

"நானும் சபைதான் அண்ணாச்சி. இந்தக் கோயில்லதான் ஞானஸ்நானம் எடுத்தேன்."

ஓலைப் புத்தகத்தை விரித்தார். 'தடை' என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை இல்லை, இல்லை, இல்லை என்று அவர் கையெழுத்தே நிறைந்து கிடந்தது. அதன் கீழ் 'உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"சாட்சிக்கு ஆள் வேணும்," என்றார். ஒருவரும் அசையவில்லை. எல்லார் பிள்ளைக்கும் தலைவரிடம் ஏதாவது ஒரு காரியம் கிடக்கிறதே!

தேவசிகாமணி எழுந்தார். "ஒருத்தனும் வரமாட்டான்! வே, உம்ம மக ஆர்டர இன்னைக்கே கிழிச்சுப் போடுதேன் பாரும்!"

ரகசியமாகச் சொன்னதை ஆத்திரத்தில் அவரே கோயில் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டார். பாடகர் வரிசையிலிருந்து ஜெசி இறங்கி வந்தாள். ஜாபேஸுக்கு அவளை ஏறிட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"இதத்தானாப்பா மூணு நாளா முழுங்கிக்கிட்டுக் கெடந்திய?" என்றாள். பிறகு முதல் வரிசையைப் பார்த்துத் திரும்பினாள். "நீங்க எதுக்குப் பெரியப்பா கஷ்டப்படுதிய? ஆர்டர என்ட்ட தாங்க, நானே கிழிக்கேன்."

அப்பாவின் கையெழுத்துக்குக் கீழே தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கும் புரிகிற மாதிரி தெளிவாக எழுதினாள். பேனாவைச் சபையை நோக்கி நீட்டினாள்.

"கீழ எடம் கெடக்கு. இன்னும் ஆரு வாரிய?"

ஜாபேஸ் அடுத்த அறிவிப்புத் தாளை எடுக்கவில்லை. பதில் வரும்வரை நிற்பதென்று நின்றார்.