ஜே, வி, ஐந்தெழுத்து

கெஸியா பஞ்சை வெந்நீரில் நனைத்து மாமனாரின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தபோது அவர் வாயைத் திறந்தார். ஐந்து நாளாக ஒரு சொல் பேசாத மனுஷன்.

"ஜிவோல்" என்றார்.

கட்டிலின் கால்மாட்டில் ஜெபம் செய்துகொண்டிருந்த பாஸ்டர் தினகரன் பாதியில் நிறுத்தினார். மகன் ஜாபேஸ் குனிந்து, "என்னங்கப்பா?" என்று கேட்டான். ஹெர்பர்ட் இன்னும் கொஞ்சம் தெளிவாக, "ஜிவோல்" என்றார்.

"ஏதாச்சும் மாத்திரை பேருங்களா?" என்றார் பாஸ்டர்.

ஜாபேஸ் ஜன்னலோரம் கிடந்த மாத்திரை அட்டைகளையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்படி ஒண்ணும் இல்லீங்கய்யா. அப்பாவுக்கு நெனவு தப்பிருச்சாட்ட இருக்குது."

கெஸியாவின் கை நின்றுவிட்டது. சேலைத் தலைப்புக்குள் மறைத்து விரல்விட்டு எண்ணினாள். ஜே, ஐ, வி, ஓ, எல். ஐந்து. ஜே இருக்கிறது. வியும் இருக்கிறது. மாமனாருக்கு நினைவு தப்பவில்லை. திங்கட்கிழமை கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறார்.

குன்னூர்க் குளிரில் காலை ஆறு மணிக்குப் போர்வையை விட்டு முதலில் எழுந்திருப்பது யார் என்பது லேசான வழக்கு இல்லை. கல்யாணமான புதிதிலேயே ஹெர்பர்ட்டும் ஜெஸிந்தாவும் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். இத்தனை எழுத்து, இன்ன எழுத்துகள் உள்ளே வரவேண்டும் என்று ஒருவர் சொல்வார். மற்றவர் படுத்தபடியே அதற்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொல்ல வேண்டும். தோற்றவர் எழுந்துபோய் டீ போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பைபிளில் வருகிற வார்த்தைதான் செல்லும். நாற்பத்தோரு வருஷமாக இப்படித்தான் அந்த வீட்டில் பொழுது விடிகிறது. ஏறக்குறைய எல்லா நாளும் டீ போட்டவர் ஹெர்பர்ட்.

பின்னே என்ன செய்வார், பாவம். அவர் எஸ்டேட் ஃபேக்டரி ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர். அவருடைய இங்கிலீஷ் லீவ் லெட்டரோடு நின்றுபோனது. அத்தையோ முப்பது வருஷம் இங்கிலீஷ் டீச்சர். வார்த்தை கிடைக்காத நாளில் மாமனார் துணிந்து ஒன்றைப் புதிதாக உண்டாக்கிவிடுவார். "இருக்குது. வேணும்னா புக்கப் பாரு" என்று சாதிப்பார். அத்தை கண்ணாடியை மாட்டி, அகராதியை விரித்து, விரல் வைத்துத் தேடிவிட்டு, "இல்லீங்க. எந்திரிங்க" என்பாள். ஒரு நாள்கூட விட்டுக்கொடுத்ததில்லை.

மருமகளாக வந்த புதிதில் கெஸியா மாமனாருக்காகப் பரிந்து பேசிப் பார்த்தாள். "ஒரே ஒரு நாளு இருக்குதுன்னு சொல்லிப்போடுங்களேன் அத்தை."

"இல்லாதத எப்படிம்மா இருக்குதுன்னு சொல்றது?" என்றாள் அத்தை. ஐந்தாம் வகுப்பில் சொந்த மகனுக்கே அரை மார்க் குறைத்து ஃபெயிலாக்கிய பெண்பிள்ளை அவள். அதை ஜாபேஸ் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவான்.

திங்கட்கிழமை அத்தை கேட்டது ஐந்தெழுத்து, உள்ளே ஜேயும் வியும். மாமனார் ஒரு நாள் தவணை வாங்கிக்கொண்டு டீயும் போட்டுக் கொடுத்தார். அன்று மத்தியானம் கேரட் பையோடு படியேறும்போது பக்கவாதம் வந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, நேற்று வீட்டுக்கே கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள்.

கெஸியா அடுக்களைக்கு ஓடினாள். அத்தை கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, மாமா பேசறாங்க. திங்கக்கெழம கேட்டதுக்குப் பதில் சொல்றாங்க."

ஜெஸிந்தா பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். "சொல்லுங்க. என்ன வார்த்தை?"

"ஜிவோல்."

அத்தையின் உதடுகள் எழுத்து எழுத்தாகச் சொல்லிப் பார்த்தன. அப்படி ஒரு வார்த்தை இல்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்துவிட்டது. கர்த்தாவே, இன்றைக்காவது இந்த அம்மா இல்லை என்று சொல்லாமல் இருக்கட்டும் என்று கெஸியா வேண்டிக்கொண்டாள். பாஸ்டரின் ஜெபத்துக்குக்கூட அவள் அவ்வளவு மனசார ஆமென் சொன்னதில்லை.

"புக்கப் பாரு" என்றார் ஹெர்பர்ட்.

ஜெஸிந்தா தலைமாட்டிலிருந்த இங்கிலீஷ்-தமிழ் அகராதியை மடியில் வைத்து விரித்தாள். கெஸியா பழக்கத்தில் கண்ணாடியை எடுத்து நீட்டினாள். அத்தை அவள் கையை மெதுவாக ஒதுக்கினாள். கண்ணாடி இல்லாவிட்டால் அத்தைக்குத் தலைப்புச் செய்திகூடத் தெரியாது. விரலைப் பக்கத்தின் மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டு வந்து ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"இருக்குதுங்க" என்றாள்.

ஹெர்பர்ட் நம்பவில்லை. நாற்பத்தோரு வருஷம் தோற்றவருக்கு அவ்வளவு சீக்கிரம் நம்பிக்கை வருமா?

"நெசமா?"

"நானு என்னைக்குங்க உங்ககிட்டப் பொய் சொல்லியிருக்கேன்?"

அவர் முகத்தில் அசைகிற பாதி மட்டும் மலர்ந்தது. "அப்ப டீ... நீ போடு."

"போடறனுங்க. மொதல்ல அர்த்தத்தக் கேளுங்க." அத்தை தொண்டையைச் சரிசெய்துகொண்டு வகுப்புக் குரலில் வாசித்தாள். "ஜிவோல். பெயர்ச்சொல். ஒன்று, கொதிக்கும் தேநீரை ஊதாமல் குடித்துவிட்டு, நாக்கு பொத்துப்போனதற்கு மனைவியோடு சண்டைக்குப் போகிறவன்."

ஜாபேஸ் தலைநிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான்.

"இரண்டு, குளிருக்கு மனைவியின் ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டு, அது தன்னுடையது என்று சாதிக்கிறவன்."

ரோஸ் நிற ஸ்வெட்டர் இப்போதும் அவர் உடம்பில்தான் இருந்தது. கழுத்துப் பக்கம் பூ வேலை வேறு. ஹெர்பர்ட்டின் மார்பு குலுங்கியது. சிரிக்கிறார் என்று கெஸியாவுக்குப் புரிந்தது, அவளுக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பின் மூச்சு நீளமாக வெளியே போனது. கெஸியா அடுத்த மூச்சுக்காகப் பஞ்சும் கையுமாகக் காத்திருந்தாள். அது வரவில்லை.

ஜாபேஸ் அப்பாவின் மூக்கருகில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா" என்று அவள் தோளைத் தொட்டான். பாஸ்டர் வேதப் புத்தகத்தைத் திறந்து சங்கீதத்தைத் தேடினார். ஜெஸிந்தா அகராதியிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"மூணாவது ஒண்ணு இருக்குதுங்கய்யா" என்றாள்.

விரித்திருந்த பக்கத்தின் மேல் மூலையில் எஸ் என்ற எழுத்து பெரிதாக இருந்தது. பாஸ்டரின் பார்வை அதில் போய் நின்றதைக் கெஸியா கவனித்தாள். அவர் வேதப் புத்தகத்துக்குள் ஒரு விரலை வைத்து மூடிக்கொண்டார்.

"வாசிங்கம்மா" என்றார்.