இருபது நொடிப் படம்

ஞானையனின் முகத்துக்கு ஸ்டூடியோக்கார எட்சன் சொன்ன விலை மூவாயிரத்து ஐந்நூறு. ஆதார் அட்டையிலிருந்து முகத்தை வெட்டியெடுத்து, கோட்டும் டையும் மாட்டி, பின்னால் நீல வானம் வைத்து, ஃப்ளெக்ஸும் சட்டம் போட்ட படமும் சேர்த்துத்தான் அந்த விலை. அடக்கத்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தது.

கணவனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ராகேல் அழுகையை நிறுத்திவிட்டு ஆயிரத்தைந்நூறு என்றாள். ஆயுசில் அவர் கோட்டுப் போட்டதில்லை, அந்தக் காசைக் கழி என்றாள். வானத்துக்குத் தனியாக எவ்வளவு என்று அவள் அண்ணன் செல்வதாஸ் விசாரித்தார். பாடிக்கொண்டிருந்த பெண்கள் குரலைத் தணித்துக் காது கொடுத்தார்கள்.

மகள் அஜிதாவுக்கு வேறு கவலை. ஆதார் படத்தில் அப்பா மாடு திருடிப் பிடிபட்டவர் போலிருந்தார். அந்த முகத்தைத்தான் அம்மா இனித் தினமும் சுவரில் பார்க்க வேண்டும். கல்யாண ஆல்பம் கரையானுக்குப் போயிற்று. யாராவது போனை நீட்டினால் வெளிச்சம் சரியில்லை என்று அப்பா நகர்ந்துவிடுவார்.

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் கடை அவருக்கு. மழை வெறித்த மறுநாள் கடை ஷட்டரை இறக்கிவிட்டு, கேமரா ஷட்டரைத் திறக்கத் திற்பரப்பு அருவிக்குப் போய்விடுவார். லென்ஸில் கறுப்புக் கண்ணாடியைத் திருகி, இருபது நொடி திறந்து வைப்பார். தண்ணீர் பாலாக விழும். அசைகிற எதுவும் படத்தில் தங்காது. ஞாயிற்றுக்கிழமை இருநூறு பேர் குளித்தாலும் அவர் படத்தில் அருவி ஆளில்லாமல் கொட்டும். கம்ப்யூட்டரில் நாலாயிரம் அருவிகள் இருந்தன. காலையிலிருந்து தேடியும் அஜிதாவுக்கு ஒரு மூக்குகூடக் கிடைக்கவில்லை.

எட்சன் மூவாயிரத்தில் நின்றான்.

"மாமி, கோட்டுக்கு நான் காசே கூட்டல்ல."

"அப்போ கோட்டு இல்லாம என்ன வெல, அதச் சொல்லு."

அதே விலைதான் என்றதும் ராகேல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேறொரு வீட்டில் ஞானஸ்நானம் இருக்கிறது என்று எட்சன் பைக்கை உதைத்தான். பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நிற்கும் படத்துக்கும் அவன்தான் ஆள் என்பது அவன் வளைவு தாண்டிய பிறகே உறைத்தது. அந்தப் படம் எடுக்காமல் அவ்வூரில் எந்தப் பெட்டியும் கல்லறைக்குப் போனதில்லை. வீட்டில் லட்ச ரூபாய் கேமரா கிடக்கும்போது போனில் எடுத்தால் ஊர் சிரிக்கும் என்றார் செல்வதாஸ்.

அஜிதா கேமராவை முக்காலியோடு பந்தலுக்குத் தூக்கிவந்தாள். முந்தாநாள் திற்பரப்பிலிருந்து வந்து அப்பா சாத்தி வைத்தபடியே இருந்தது. பெட்டியின் தலைமாட்டை ஸ்டூலில் உயர்த்தினார்கள். இருபத்திமூன்று பேர் சுற்றி நின்றார்கள். அமுக்கினாள். டக் என்றது. அப்புறம் சத்தமில்லை.

"எடுத்தாச்சா?" என்றார் செல்வதாஸ்.

ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். பின்வரிசை முகம் தெரியவில்லை என்று முன்வரிசையை இடித்தது. போதகர் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி டக்.

அஜிதா குனிந்து திரையைப் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவும் அப்பாவின் இருபது நொடியை மாற்றவும் மறந்திருக்கிறாள். பெட்டியைச் சுற்றி ஒரே புகை. செல்வதாஸ் நின்ற இடத்தில் பந்தல்கால் தெரிந்தது. நடுவில் அப்பா மட்டும், இமை மயிரை எண்ணிவிடலாம் போல, சீக்கிரம் கடையடைத்த நாளின் முகத்தோடு கிடந்தார்.

அழிக்கப் போன விரலை ராகேல் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டு மக்கா. இதுதான் ஒனக்க அப்பா."

"நம்ம ஒருத்தரும் இதுல இல்லியேம்மா."

ராகேல் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, வந்த சரக்கைச் சரிபார்ப்பதுபோல் ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்தாள். அவர் நெற்றியில் அவளுடைய வலது கை இருந்தது. வளையல், நகம், விரல் மடிப்பு எல்லாம் தெளிவாக இருந்தன. மணிக்கட்டுக்கு மேல் புகை.

நின்றவர்கள் இருபத்திமூன்று, கிடந்தவர் ஒன்று, ஆக இருபத்திநான்கு. படத்தில் விழுந்தது ஓர் ஆளும் ஒரு கையும்.