அதாவுல்லாவின் ஈரத் தும்மல்

கலிபோர்னியம் என்ற உலோகத்தின் மேல் தலைவைத்துத் தூங்கி எழுந்த நாளிலிருந்து, சாய்ந்தமருது அதாவுல்லாவுக்கு ஈரமான எதைத் தொட்டாலும் தும்மல் வந்தது. ஈரம் கூடினால் தும்மல் கூடும், குறைந்தால் குறையும், காய்ந்ததைத் தொட்டால் ஒன்றுமில்லை. குளிக்கும்போதும் கைகழுவும்போதும் தொழுகைக்கு ஒளுச் செய்யும்போதும் மட்டும் வராது. அதற்கு விளக்கம் வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. மனிதர்களின் உள்ளங்கை பெரும்பாலும் காய்ந்தே இருப்பதால் சலாம் சொல்லிக் கைகொடுப்பதிலும் தொல்லை இருக்கவில்லை.

நடந்தது இதுதான். நாவிதன்வெளியில் அவருடைய வயலின் மண் எவ்வளவு தண்ணீர் வைத்திருக்கிறது என்று அளக்க ஓர் ஆராய்ச்சிக் குழு வந்தது. அதன் தலைவி உசாந்தினி, கல்முனைப் பிள்ளை. அவள் கொண்டுவந்த இரும்புத் தடியின் நுனியில் கடுகிலும் சிறிதாகக் கலிபோர்னியம் இருந்தது. அது எந்த நாட்டு மண்ணிலும் தோண்டி எடுப்பதல்ல, அணு உலையில் மனிதர்கள் செய்வது. உலகம் முழுவதும் ஒரு வருடத்தில் செய்வதைச் சேர்த்தாலும் ஒரு சுண்டு விரல் நகத்தை மூடாது. அதிலிருந்து நியூத்திரன்கள் பாய்ந்துகொண்டே இருக்கும். தண்ணீர் உள்ள மண்ணில் அவை முட்டி மோதிக் களைத்துத் திரும்பி வரும். அப்படி வருபவற்றை எண்ணினால் ஈரம் தெரியும். உசாந்தினி இதைப் பொறுமையாகச் சொன்னாள். பெட்டிக்குப் பக்கத்தில் யாரும் போகக்கூடாது என்பதையும் சொன்னாள். அதாவுல்லா இரண்டுக்கும் தலையாட்டினார். ஆனால் குழுவினர் சாப்பிட்டுக் கைகழுவ வாய்க்காலுக்குப் போனதும், வந்தவர்களின் சாமான் வரம்பில் அநாதையாகக் கிடப்பதை அவருக்குப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பெட்டியைத் தூக்கித் தன் வயற்குடிசையான வாடிக்குள் பாயில் வைத்தார். விலைமதிப்பான பொருளுக்குக் காவல் என்றால் அதைத் தலைக்கு வைத்துப் படுப்பதுதான் அவருக்குத் தெரிந்த காவல். வஞ்சகமில்லாமல் மாலை அசர் தொழுகை வரை தூங்கினார். பெட்டியைத் தேடி அலைந்த குழுவினர் அவரை எழுப்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், குறை இல்லை. கருவியைச் சோதித்தார்கள், அதிலும் ஒன்றும் குறையவில்லை. மறுநாள் அவர் வாய்க்காலில் கைவிட்டார், தும்மல் தொடங்கியது.

தும்மியவர் அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னால், கேட்டவர் யர்ஹமுகல்லாஹ் என்று பதில் சொல்ல வேண்டும், அல்லாஹ் உனக்கு அருள்புரியட்டும் என்று. சாய்ந்தமருது மக்கள் இதில் பஞ்சம் வைப்பவர்கள் அல்ல. ஆகவே அதாவுல்லா எதையாவது தொட்டால் அவர் ஒருபக்கம் தும்ம, தெரு ஒருபக்கம் பதில் சொல்ல, ஈரத்தின் அளவு சந்திவரைக்கும் கேட்கும். அறுவடைக் காலத்தில் நெல் காய்ந்துவிட்டதா என்று அவருடைய கையை மூட்டைக்குள் விட்டுப் பார்த்தார்கள். சரியாகக் காயாமல் கட்டிவைத்த கருவாடு அவர் வந்தாலே பின்கதவால் போனது. வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை செல்லத்தம்பிக்கு எந்த வயலுக்கு முதலில் தண்ணீர் விடுவது என்ற சண்டை தீர்ந்தது: அதாவுல்லா மண்ணைத் தொட்டுத் தும்மாத வயலுக்கே முதல் மடை. நன்றிக்கடனாக ஊர் அவருக்கு, ஈரம் அளப்பதால், மீற்றர் என்று பட்டம் வைத்தது. அவர் சிரித்துக்கொண்டே ஏற்றார். ஆனால் மகள் நஸ்லாவுக்கு அந்தப் பெயர் கேட்கும்போதெல்லாம் நெஞ்சு எரிந்தது.

நஸ்லாவுக்கு மாவடிப்பள்ளித் தயிர் வியாபாரி ஜவுபரின் மகன் ஷிப்லியைப் பேசி முடித்தார்கள். பிள்ளைகள் இருவருக்கும் முன்னமே மனம் ஒத்திருந்தது. சம்பந்தம் உறுதியான சந்தோசத்தில் ஜவுபர் எருமைத் தயிர்ச் சட்டிகளை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு நேரே வந்தார். அதாவுல்லா மரியாதைக்கு ஒரு சட்டியில் விரல் வைத்தார். பிறகு நடந்ததை இரண்டு குடும்பமும் மறக்கப் பார்க்கின்றன. பதில் சொல்லிச் சொல்லிப் பக்கத்து வீட்டாருக்குத் தொண்டை கட்டியது. கடைசியில் அவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

"எரும எண்டா எந்நேரமும் குளத்துக்க கிடக்கிற சாமான்," என்றார் ஜவுபர். "அதிட பாலுல தண்ணி வராம வேற என்ன வரும்?"

விளக்கத்தை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் ஜவுபரின் முகம் கறுத்தது கறுத்ததுதான். நிக்காஹ் சபையில் இந்த மனிதர் ஒரு தும்மல் தும்மினாலும் மாப்பிள்ளையோடு எழும்பிப் போய்விடுவேன் என்று ஆள்விட்டுச் சொன்னார். நிக்காஹ்வில் பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் மகளைக் கொடுக்கும் வார்த்தையைச் சொல்ல வேண்டும். ஷிப்லிக்கோ சின்ன வயதிலிருந்தே பதற்றம் வந்தால் உள்ளங்கை ஊற்றெடுக்கும். பரீட்சைத் தாளெல்லாம் ஊறிப்போய்த்தான் அவன் கணக்கில் கோட்டைவிட்டான் என்று ஜவுபரே பெருமையோடு சொல்வார். ஊர்ப் பெரியவர்கள் கூடி, அதாவுல்லாவுக்குப் பதிலாக மௌலவி சொல்லட்டும், மார்க்கத்தில் அதற்கு இடமுண்டு என்றார்கள். அதாவுல்லா சரி என்றார். சொல்லிவிட்டு, ஒரே மகளின் நிக்காஹ்வில் தான் ஒரு மூலைக் கதிரையில் இருக்கப்போவதை நினைத்து அன்றிரவு சாப்பிடாமல் படுத்தார். நஸ்லா சோற்றுக் கோப்பையோடு வந்து பக்கத்தில் குந்தினாள்.

"மௌலவி வேணாம் வாப்பா. ஊருக்குத்தான் நீங்க மீற்றர். எத்தின தரம் தும்மினாலும் என்னக் குடுக்கிறது நீங்கதான்."

கல்யாண நாளில் பந்தல் நிறைந்த சனம். கடற்காற்று வேறு உப்பும் ஈரமுமாக வீசிக்கொண்டிருந்தது. பதிவுகாரர் விபரங்களைக் கேட்டு எழுதி முடித்தார், மௌலவி கல்யாண உரையான குத்பாவை ஓதி முடித்தார். அதாவுல்லா ஷிப்லியின் கையைப் பிடித்தார். அது கை அல்ல, பிழியாத துணி. "என்ட மகள் நஸ்லாவ" என்பதுவரை சொன்னார், தும்மினார். சபை பதில் சொன்னது, ஜவுபர் மகனின் முகத்தைப் பார்த்துப் பொறுத்துக்கொண்டார். மறுபடி தொடங்கினார், பெயரைத் தாண்ட முடியவில்லை. மாப்பிள்ளையின் கையைத் துவாயால் துடைத்தார்கள். துடைப்பதைக் கண்ட பதற்றத்தில் அது இன்னும் ஊறியது. மூன்றாம் தடவையும் பந்தல் முழுக்கப் பதில் முழங்கியபோது ஜவுபர் எழுந்து நின்றார்.

"என்ட மகன்லயும் தண்ணி கலந்திரிக்கி எண்டா இவரு சொல்றாரு?"

அறைக்குள் நஸ்லாவின் காதில் இது விழுந்தது. பெண்கள் குரவையிடத் திறந்த வாயைத் திறந்தபடியே வைத்திருந்தார்கள். அதாவுல்லாவின் கண் மௌலவியின் பக்கம் போய்த் திரும்பியது. அந்த நேரம் மாப்பிள்ளையின் கூட்டாளி றிஸ்மி, பந்தலின் கோடியில் இளைஞர்கள் விளையாடிக்கொண்டிருந்த கெரம் பலகையிலிருந்து போரிக் பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தான். கடற்கரை ஊர்களில் கெரம் விளையாடுபவர்கள் விரல் பிசுபிசுத்தால் செய்வதுதான். வேறு எந்த யோசனையும் அவனுக்கு இருக்கவில்லை. ஷிப்லியின் உள்ளங்கையில் பாதி டப்பாவைக் கொட்டித் தேய்த்தான். பவுடர் நனைந்து பசையாகிவிட்டது, ஈரம் போகவேயில்லை. அதாவுல்லா கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பசையைப் பிடித்தார். தும்மல் வரவில்லை. என்ட மகள் நஸ்லாவ உங்களுக்கு நிக்காஹ் செஞ்சு தந்தன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். ஷிப்லி ஏற்றுக்கொண்டேன் என்றான். குரவைச் சத்தத்தில் ஜவுபர் எப்போது உட்கார்ந்தார் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

போரிக் பவுடரில் போரன் இருக்கிறது, போரன் நியூத்திரன்களைக் கண்ட இடத்தில் விழுங்கிவிடும், அணு உலைகளிலும் அதைத்தான் போடுகிறார்கள் என்று கல்யாணத்துக்கு வந்திருந்த உசாந்தினி சாப்பாட்டு வேளையில் விளக்கினாள். கலிபோர்னியம் இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை பாதியாகும், அதாவுல்லா காக்காவின் தும்மலும் அப்படியே குறைந்துவிடும் என்றும் சொன்னாள். அப்படியானால் வயல் தண்ணீர்ச் சண்டை என்னவாகும் என்று செல்லத்தம்பிக்கு இறைச்சி இறங்கவில்லை. ஜவுபர் மட்டும் இன்னொரு துண்டு எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அதாவுல்லா பவுடர் போகக் கையைக் கழுவித் துடைத்துவிட்டு மகளைப் பார்க்க அறைக்குள் போனார். நஸ்லா சிரித்த முகமாக இருந்தாள். பெண்ணைச் சுற்றியிருந்தவர்கள், சபையில் அவ்வளவு நடந்தும் பிள்ளை கலங்கவேயில்லை, கல் மாதிரி இருந்தாள் என்று புகழ்ந்தார்கள். முகப்பூச்சு ஓர் இடத்திலும் கலையவில்லை, கன்னத்தில் மட்டும் சற்றுமுன் பூசியது போலிருந்தது. அவர் மகளின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டார், தும்மினார். அல்ஹம்துலில்லாஹ் என்றார். நஸ்லா யர்ஹமுகல்லாஹ் என்றாள். விரலை எடுக்காமல் அவர் மறுபடி தும்மினார், மறுபடியும் தும்மினார். ஒருவர் மூன்று தடவைக்கு மேல் தும்மினால் பதில் சொல்லத் தேவையில்லை என்பது மார்க்கம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். சுற்றியிருந்த பெண்கள் மூன்றோடு நிறுத்திக்கொண்டு சாப்பாட்டைப் பார்க்கப் போனார்கள். நஸ்லா நாலாவதுக்கும் சொன்னாள், அதற்குப் பிறகு வந்த எல்லாவற்றுக்கும் சொன்னாள்.