பதினாலு வருஷ முள்

எனக்குக் கோபமே வராது என்று நான் சொன்னால், சிங்கவரம் ரோட்டில் போகிற பஸ்கூட நின்று சிரித்துவிட்டுப் போகும். வரும். ஆனால் அன்றைக்கு வந்த கோபத்தில் நியாயம் இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் எங்கள் ஒன்றரை ஏக்கர் கொல்லை பதினாலு வருஷமாக வேலிகாத்தான் என்கிற சீமைக்கருவேல முள் மண்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு மங்கையின் ஆடுகள் மட்டும் காய் பொறுக்க உள்ளே போய் வரும். இந்த ஆடியில் வேர்க்கடலை போட்டே தீருவது என்று மாதா மேல் சத்தியம் செய்திருந்தேன். விதைக்காய் உடைத்துத் தயாராக இருந்தது. உடைத்த விதையை அதிக நாள் வைத்திருக்க முடியாது. ஜேசிபி கிடைத்ததோ ஒரே ஒரு நாள். ஆபரேட்டர் வீரமணி மறுநாள் அனந்தபுரத்துக்கு ஏரி வேலைக்குப் போய்விட்டால் திரும்ப ஒரு மாதம் ஆகும்.

என் வீட்டுக்காரர் பால்சாமிக்குத்தான் இதில் இஷ்டமே இல்லை. முதலில், மழை வரட்டும் என்றார். பிறகு, பாம்பு இருக்கும் என்றார். கடைசியில், "இன்னிக்கு நாள் சரியில்ல செல்வராணி" என்றார். கோயில் மணி அடித்தால்தான் ஞாயிற்றுக்கிழமை என்றே இந்த மனுஷனுக்குத் தெரியும். இவர் நாள் பார்க்கிறாராம்!

காலை ஏழு மணிக்கு வீரமணி சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு வேலையைத் தொடங்கினார். முள்ளுக்கு அடியில் பக்கெட்டைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினால் தூர் வேரோடு வந்து விழுந்தது. எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. பத்து மணிக்குள் பாதிக் கொல்லை வெளுத்துவிட்டது. திடீரென்று வண்டி நின்றது. இறங்கி வந்தவர் காலில் செருப்பில்லை.

"அக்கா, நம்மால ஆவாது. புத்து இருக்குது."

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு புங்க மரத்துக்கு முன்னால் இடுப்பு உயரத்துக்குப் புற்று. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை சொருகியிருந்தது. மஞ்சள் இன்னும் காயவே இல்லை.

"எவனோ இப்பதான் பூசியிருக்கான்பா. வெறும் மண்ணு இது!"

"பாக்காத வரைக்கும் மண்ணு. பாத்துட்டா சாமி. எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குது க்கா. இதுக்கு அந்தாண்ட வண்டி வராது."

எனக்குத் தலைக்கு ஏறியது. முள் போனால் யாருக்கு நஷ்டம்? ஆட்டுக்காரிக்குத்தானே! வேலியோரம் நின்று மங்கையின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினேன். அவள் கையில் துடைப்பத்தோடு வந்தாள். புற்றை ஒரு சுற்று சுற்றினாள். குனிந்து பார்த்தாள்.

"க்கா, நானா இருந்தா சூடம் கொளுத்தியிருப்பேன். எந்த ஊர்ல புத்துக்கு மெழுகுவத்தி ஏத்துறாங்க?"

வேப்பிலைக்குக் கீழே பாதி எரிந்த மெழுகுவத்தி ஒன்று நின்றது. நீல நிறம். நான் வேளாங்கண்ணியிலிருந்து வாங்கி வந்து அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தது.

மூன்று பேரும் ஒரே சமயத்தில் திரும்பினோம். பின்னால் நின்றிருந்த என் வீட்டுக்காரர் மலைமேல் தெரியும் ராஜகிரிக் கோட்டையை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பவர் போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க இது?"

"மஞ்சள மட்டும் பூசிட்டு வர மனசு கேக்கல. அதான் ஒண்ணு ஏத்தினேன்" என்றார்.

ஆட்டுத் தடத்தில் முன்னால் நடந்தார். மரத்துக்குப் பின்னால், முள்ளுக்கு நடுவில், பெருக்கிச் சுத்தமாக ஓர் இடம். நாடாக் கட்டில். ஒரு சொம்புத் தண்ணீர். ரேடியோ. நான் நாலு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த தலையணை.

"ரிட்டயர் ஆனதுலேருந்து மத்தியானத்துல இங்கதான்" என்றார். "இங்க படுத்தா நீ கூப்புடறது கேக்காது."

மங்கை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வீரமணி ரொம்ப அக்கறையாகக் கையைத் துடைக்க ஆரம்பித்தார்.

மனுஷன் இன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, மறைப்பானேன். கத்த வேண்டும் என்று எனக்கு மட்டும் ஆசையா? கல்யாணமான புதிதில் இவரை நான் கண்ணாலேயே கூப்பிட்டவள். வராததால் கத்தினேனா, கத்தினதால் வராமல் போனாரா, அந்த மாதாவுக்குத்தான் வெளிச்சம்.

"க்கா, டைம் ஆவுது. இன்னா பண்ணட்டும்?" என்றார் வீரமணி.

"புத்து இருக்கட்டும். புங்க மரமும் கட்டிலும் இருக்கட்டும். மிச்சத்த ஒரு முள்ளு வுடாம வாரிடுப்பா."

"பாம்பு?"

"மெழுகுவத்தி ஏத்துனவரு பக்கத்துலதான படுக்குறாரு. அவரு பாத்துக்குவாரு."

வீரமணி சிரித்துவிட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். இருந்தாலும் புற்றைத் தாண்டும்போது ஒரு கும்பிடு போட்டு, நாலடி தள்ளியே ஓட்டினார்.

சாயங்காலம் கொல்லை தேய்த்துக் கழுவின தோசைக்கல் மாதிரி கிடந்தது. பின்கதவில் நின்றால் ராஜகிரி அடிவாரம் வரைக்கும் தெரிந்தது. நடுவில் அந்தப் புங்க மரம். அதன் அடியில் கட்டில். கட்டிலில் இவர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு படுத்திருந்தார். ஒளிய இடமில்லை, பாவம்.

டீ போட்டேன். இரண்டு டம்ளரோடு பின்கதவில் நின்று, "ஏங்க" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

துண்டை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். கட்டிலில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.