ஒரு மில்லிமீட்டர் கூடுதல்

திருவாண்டார்கோயில் பம்பு கம்பெனியின் டிசைன் இன்ஜினீயர் ஹாஜா மைதீன், 1987 பங்குனியில் தரையை விட்டு ஒரு சாண் மேலே எழும்பினார். வெயில் அந்த வருடமும் வழக்கம்போலத்தான் இருந்தது.

காரணம் ஊருக்கே தெரியும். எந்தக் கிணற்றுக்கு எப்படிப்பட்ட பம்பு என்று இருபது வருடமாகத் தீர்மானித்துவந்த அவருடைய மூளையைக் கம்ப்யூட்டருக்குள் இறக்கிவிடக் கம்பெனி முடிவுசெய்திருந்தது. அதற்காக டவுனிலிருந்து ஆரோக்கியம் என்ற இளைஞன் வந்தான். இப்படியிருந்தால் என்ன செய்வீர்கள், ஏன் என்று கேட்பான். சொன்னதைத் தட்டி உள்ளே அனுப்புவான். சொல்லி முடித்த விதி ஹாஜா மைதீன் தலையை விட்டு அப்படியே போய்விடும், உடம்பும் அந்த அளவுக்கு லேசாகும். கம்ப்யூட்டரோ கனத்துக்கொண்டே போய், மேசைக் கால்கள் சிமெண்டுத் தரையில் புதைந்தன. உப்புத் தண்ணீருக்கு எந்த உலோகம் என்று சொன்ன அன்று அவர் காலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தது. மணல் கிணறுகள் முடிந்தபோது ஒரு சாண் ஆகிவிட்டது. வில்லியனூர் பஸ்ஸில் மடியில் வார்ப்பிரும்பு மூடி ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்டக்டர் மூடிக்கு லக்கேஜும் மனிதருக்கு அரை டிக்கெட்டும் போட்டார்.

அவர் மனைவி மெஹர் நிஷா பொழுது சாய்ந்ததும் ஜன்னல்களையெல்லாம் சாத்தினாள். படுக்கும்போது தன் முந்தானையை அவர் கணுக்காலில் முடிந்துகொண்டாள். இன்னும் ஒரே ஒரு விதிதான் பாக்கி, அதையும் கொடுத்துவிட்டால் மனிதர் ஊசுட்டேரி கொக்குகளோடு போய்விடுவார் என்று எல்லோரும் சொன்னார்கள். வருத்தத்தோடுதான் சொன்னார்கள், சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

எந்தப் பம்பானாலும், கணக்கில் வரும் தடிமனுக்கு மேல் அதன் வெளிச்சுவரில் ஒரு மில்லிமீட்டர் கூட்டுவார் ஹாஜா மைதீன். அதுதான் அந்தக் கடைசி விதி. ஏன் என்று ஆரோக்கியம் மூன்று நாள் கேட்டான். கடைசியில், அது வீட்டில் ஒட்டிக்கொண்ட பழக்கம், அவளைத்தான் கேட்க வேண்டும் என்றார். ஆரோக்கியம் சொல்லாமல் கொள்ளாமல் உச்சிப்பொழுதில் சுல்தான்பேட்டை வீட்டு வாசலில் வந்து நின்றான். மெஹர் நிஷா உட்காரவைத்துச் சோறு போட்டாள். மீன் குழம்பை இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து, ஏன் என்றான்.

"இன்னா தம்பி இதப் போயி கேக்குறீங்க? உலை வைக்கிறப்ப, யாராச்சும் வருவாங்கன்னு ஒரு பிடி அரிசி கூடப் போடுவேன். அத்தப் பாத்துப் பாத்து அவருக்கும் கை அப்பிடியே வந்துட்ச்சு. இப்ப நீங்க சாப்ட்டது அந்தப் பிடிதான்."

ஆரோக்கியம் கம்பெனிக்கு ஓடிப்போய் அதைத் தட்டினான். கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளவில்லை. யார் வருவார் என்று கேட்டது. தெரியாது என்று தட்டினான். தெரியாதவருக்கு எதற்குச் சோறு என்று கேட்டது. ஆரோக்கியம் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்தான்.

ஆகவே அந்த விதி மெஹர் நிஷாவிடமே தங்கிவிட்டது, ஹாஜா மைதீனும் அதற்கு மேல் எழும்பவில்லை. இறங்கவும் இல்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்த காலையில் அவள் ஒரு மூச்சு அழுதாள். பிறகு, செருப்பாவது தேயாது என்று தேற்றிக்கொண்டாள். கம்ப்யூட்டர் போட்ட கணக்கில் கடைசியாக ஒரு மில்லிமீட்டரைக் கூட்டுவதற்காகவே கம்பெனி அவரை முழுச் சம்பளத்தில் வைத்துக்கொண்டது.

ஆரோக்கியம், கம்ப்யூட்டர் கேட்ட கேள்விக்குப் பதில் தேடி வெள்ளிக்கிழமைதோறும் சாப்பாட்டு வேளைக்கு வந்தான். அவன் வருவது தெரிந்த விஷயமாகிவிட்டதால், மெஹர் நிஷா அவனுக்கென்று ஒரு பிடி அரிசி போட்டாள். அப்புறம், யாராவது வருவார்கள் என்று இன்னொரு பிடியும் போட்டாள்.