ஐடா வீட்டுக் கல்சுவர்

1

முதலில் மன்னிப்பு. கதை எழுதத் துணிந்தமைக்கு என் ஆசிரியர்களிடமும் வாசகப் பெருமக்களிடமும் அதைக் கோருகிறேன். தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டனில் ஐடா அவர்களின் இல்லத்துக்குச் சென்றபோது, கதவு காற்றில் அடித்துக்கொள்ளாதபடி ஓர் உருளைக் கல்லை வைத்திருந்தார். என்னவென்று கேட்டேன்.

“எங்க செவுருங்க” என்றார். கதை அங்கே பிறந்தது.

2

கண்ணாடியும் கான்கிரீட்டும் கோலோச்சும் இந்த அறுபதுகளில், கட்டடக் கலையானது...

(கட்டுரை ஆகிவிடுகிறது. விட்டுவிட்டேன்.)

ஐடாவின் வீட்டுக்கு மூங்கில் தட்டிதான் சுவர். ஆடிக் காற்றில், தங்கம் பிரித்தபின் கொட்டிய மண் குவிந்த சயனைடு மேட்டின் வெண்தூசு அதன் வழியே உள்ளே வரும். கைக்குழந்தை பாபுவுக்கு மூச்சு இழுத்தது. தூசு படவே கூடாது என்றார் மருத்துவர்.

கணவர் ஜெயகரன் சுரங்கத்தில் துளைப்பொறி ஓட்டுபவர். தங்கம் தேடித் துளைக்கும்போது பாறை, தடி தடியாக வெளிவரும். எத்தனை அடி ஆழம் என்று சுண்ணக்கட்டியால் அதன்மீது எழுதுவார்கள். வேண்டாத கற்கள், அவற்றைச் சோதித்து வைக்கும் ஷெட்டின் பின்னே குவியும். ஷெட் குமாஸ்தா சம்பங்கி ஒரு குவியலைக் காட்டி, எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

விறகு அடுக்குவதுபோல, வட்ட முகம் வெளியே தெரியக் கல்லை அடுக்கி, இடையே சுண்ணாம்பு பூசுவதென்று முடிவாயிற்று. ஜெயகரன் ஷிப்ட் முடிந்து வருவதற்குள், தூசு கூடாதென்று ஐடா ஒவ்வொரு கல்லையும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிவிட்டார்.

“இன்னாம்மா பண்ண? எது எந்த ஆழம்னு எழுதி இருந்துதே!”

“செவுரு இன்னா சொரங்க ஷாஃப்ட்டா? கேஜ் கூண்டுல எறங்கியா பாக்கப்போற? கருப்பு கீழ வை, பச்ச மேல வை.”

எதிர்வீட்டுத் தங்கம்மா குரல் கொடுத்தார்: “செவுரு வந்துட்டா உங்க சண்ட எனக்கு எப்பிடி கேக்கும் ஐடா?”

“கதவத் தட்டுங்கக்கா, முதல்லேர்ந்து போடறோம்.”

(ஜெயகரன் சினந்து கத்தியதாக எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியபோது ஐடா சிரித்தார்: “அவரா? அழிச்சிடுங்க சார்.” அழித்துவிட்டேன்.)

3

சுவர் எழுந்தது. பாபு இழுப்பின்றி உறங்கினான்.

பிறகு சம்பங்கி வந்தார். “தப்புக் குவியலக் காட்டிட்டேன்பா. ஆபீஸ்ல அந்தக் கல்லத் தேடறாங்க. குடுக்கலன்னா ரெண்டு பேருக்கும் வேல போயிடும். உனக்கு கம்பெனி வூடும் போயிடும்.”

“புள்ளைக்கு?” என்றார் ஐடா.

ஜெயகரன் தாமே முதல் கல்லைப் பெயர்த்தார்.

அலுவலகத்தில் எந்தக் கல் எந்த ஆழம் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் மீண்டும் ஷெட்டின் பின்னே கொட்டினார்கள். யாரும் தொடக் கூடாதென்று உத்தரவும் போட்டார்கள். ஐடாவும் ஜெயகரனும் பாபுவைத் தூசில்லாத பங்காருபேட்டையில் நாத்தனார் நேசமணி வீட்டில் விட்டார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

4

ஒரு முடிவில், சம்பங்கி வேறு பக்கம் பார்த்திருக்க, ஜெயகரனின் சாப்பாட்டுப் பையில் நாளுக்கொரு கல்லாகச் சுவர் வீடு திரும்புகிறது. இன்னொரு முடிவில், பாபு நேசமணியை ‘அம்மா’ என்று...

(மன்னிக்க வேண்டும். அதை எழுத என்னால் ஆகவில்லை.)

கதவடிக் கல்லை ஐடா ஏன் கொடுக்காமல் வைத்துக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. வாசகரே, இந்தக் கதையில் அடுத்த கல்லை வைப்பதும் வைக்காததும் தங்கள் விருப்பம்.

இழந்தவற்றை மட்டும் நான் சொல்லலாம். ஒரு சுவர். அதன் கற்களின் ஆழம். பாபுவின் முதல் நடை, முதல் சொல். இரண்டும் பங்காருபேட்டையில் நிகழ்ந்தன.